நோமேட்லேண்ட்: ஒரு வேனுக்குள் எதை வைப்பது?

பழைய டிராவலர் வேன் ஒன்றை வீடாக மாற்றி, ஈபி கம்பியையும் குழாய்த் தண்ணீரையும் நம்பாமல், மாசக்கணக்கில் அதிலேயே தங்கி வேலை பார்க்க முடியுமா? இரண்டு வருஷமா இதுக்காக ஒரு எக்செல் ஷீட் ஓட்டிக்கிட்டிருக்கேன். அந்த வேகத்தில்தான் க்ளோயி ஜாவோவின் 'நோமேட்லேண்ட்' படத்தை மறுபடி பார்த்தேன். முதல் தடவை கதைக்காகப் பார்த்தது. இந்தத் தடவை நோட்டும் பேனாவுமாக, வேனின் உட்புறத்துக்காக.

2020-ல் வந்த படம். சிறந்த படம், இயக்கம், நடிகை என மூன்று ஆஸ்கர் வாங்கியது. 2017-ல் ஜெசிகா ப்ரூடர் எழுதிய அதே பெயருள்ள புத்தகம்தான் மூலம். அமெரிக்காவின் நெவாடாவில் எம்பயர் என்கிற ஊர். 2011-ல் அங்கிருந்த ஜிப்சம் ஆலையை மூடியதும் ஊரே காலியாகிறது. கணவரையும் இழந்த ஃபெர்ன், ஒரு வேனில் கிளம்புகிறார். அவ்வளவுதான் கதை.

வேன் வடிவமைப்பு என்று பார்த்தால் படம் பல விஷயங்களில் நேர்மையாக இருக்கிறது. கழிப்பறை என்பது ஒரு பக்கெட். முட்டி வலி உள்ளவருக்கு உயரமான பக்கெட் நல்லது என்று ஒரு வகுப்பே நடக்கிறது. ஸ்டெப்னி இல்லாமல் பாலைவனத்துக்கு வந்ததற்கு ஸ்வாங்கி என்ற பெண்மணி ஃபெர்னை வெளுத்து வாங்குகிறார். யூடியூபில் வரும் வேன் வீடியோக்களில் மர வேலைப்பாடும் சீரியல் லைட்டும்தான் இருக்கும். ஸ்டெப்னியைப் பற்றி யாரும் பேசி நான் பார்த்ததில்லை.

ஆனா என்னை நிறுத்தியது ஒரு தட்டு. ஃபெர்னின் அப்பா பழைய சாமான் விற்கும் இடங்களில் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்துக் கொடுத்த பீங்கான் தட்டுகள் அந்த வேனில் இருக்கின்றன. உதவி செய்ய வந்த நண்பர் கைதவறி அவற்றை உடைத்துவிடுகிறார். ஃபெர்ன் கோபத்தில் கத்துகிறார். பிறகு உட்கார்ந்து துண்டுகளை ஒட்டுகிறார். இன்ஜினியராக என் முதல் எண்ணம்: ஓடுற வண்டியில பீங்கானை ஏன் வைக்கணும்? எங்க ஊர் வள்ளத்தில்கூட உருளுறதையும் உடையுறதையும் கட்டாமல் வைக்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தட்டுகளை எடுத்துவிட்டால் அது வெறும் வண்டி. என் ஷீட்டில் எடை, வாட், லிட்டர் என்று 140 வரிகள் இருக்கின்றன. அப்படி ஒரு தட்டுக்கு வரி இல்லை.

படத்தின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. புத்தகத்தில் வரும் லிண்டா மே, அமேசான் கிடங்கில் ஸ்கேனர் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கிப்போனவர். படத்திலும் லிண்டா மே வருகிறார், கிடங்கும் வருகிறது. அந்த வலி மட்டும் வரவில்லை. வேலை முடிந்ததும் அழகான அந்தி வானம் வந்துவிடுகிறது. வேனில் வாழ்வதை ஒருவரின் சுபாவமாகக் காட்டுவதில் படத்துக்கு இருக்கும் அக்கறை, அந்த வாழ்க்கைக்குத் தள்ளிய கணக்கைக் காட்டுவதில் இல்லை.

இன்னொன்று, எனக்கு உபயோகமானது. அவர்கள் குளிர்காலத்தில் அரிசோனா பாலைவனத்துக்கு வருகிறார்கள், வெயில் ஏறினால் வடக்கே போகிறார்கள். வேனின் உண்மையான ஏசி அந்த நாட்காட்டிதான்.

இதைத் திருப்பாலைக்குடிக்குக் கொண்டுவந்து கணக்குப் போடுவோம். வேன் கூரையில் 800 வாட் சோலார் பேனல் வைக்கலாம். நம்ம ராமநாதபுரம் வெயிலுக்கு, இழப்பெல்லாம் கழித்து, நாளுக்குச் சுமார் 3 யூனிட். சின்ன ஃபிரிட்ஜ், பிஎல்டிசி ஃபேன், லேப்டாப், லைட் எல்லாம் சேர்த்து 1.7 யூனிட். தாராளம். ஆனால் மே மாத ராத்திரியில் தகர டப்பாவுக்குள் முக்கால் டன் ஏசி 8 மணி நேரம் ஓடினால் அதற்கு மட்டுமே 4 முதல் 5 யூனிட் போய்விடும். முடியாது. தண்ணீர்: 2 பேர், ஆளுக்கு 20 லிட்டர், 7 நாள் என்றால் 280 லிட்டர், அதாவது 280 கிலோ. வாரத்துக்கு ஒருமுறை யாரிடமாவது போய் நின்றாக வேண்டும். அதுவும் இந்த மாவட்டத்தில்.

இதைப் பல தலைமுறைகளுக்கு முன்பே தீர்த்தவர்கள் நம்ம பக்கத்திலேயே இருக்கிறார்கள். ராமநாதபுரம் சீமையிலிருந்து ஆடுகளோடு கிளம்பி, தஞ்சை டெல்டாவில் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடும் கீதாரிகள். சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவலை இந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். அவர்கள் போகும் பாதையை மழையும் அறுவடையும் தீர்மானிக்கின்றன. ஆட்டுப்புழுக்கை வயலுக்கு உரம். அதனால் வயல்காரர் கூலி கொடுக்கிறார், தண்ணீரும் கிடைக்கிறது. ஃபெர்ன் கிடங்கு வாசலில் வேலை கேட்டு நிற்கும்போது அவரிடம் உழைப்பு மட்டும்தான் இருக்கிறது. கீதாரியிடம் மந்தை இருக்கிறது. அதற்காக அது சொகுசு வாழ்க்கை இல்லை. மழையில் நனைவதையும், நிலமில்லாதவர்கள் அடுத்தவர் தயவில் நிற்பதையும், பெண்கள் மேல் கூடுதலாக விழும் சுமையையும் தமிழ்ச்செல்வி மூடி மறைப்பதில்லை. ஜாவோ அந்தி வானத்துக்குத் திரும்புகிற இடங்களில் இவர் ஈரத் தரையிலேயே நிற்கிறார். அந்த விதத்தில் எனக்கு நாவல் ஒரு படி மேல்.

இன்னொரு வித்தியாசம். ஃபெர்ன் தனியாள். சகோதரி வீட்டிலும் நண்பர் வீட்டிலும் தங்கச் சொல்கிறார்கள், மறுத்துவிட்டுக் கிளம்புகிறார். கீதாரி குடும்பத்தோடு நகர்கிறார். கைக்குழந்தையும் கிழவியும் அந்த டிசைனுக்குள் அடக்கம்.

போன மாசம் வேன் பிளானை வாசலில் சாக்பீஸால் நிஜ அளவில் வரைந்து காட்டினேன். அம்மா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இதுல நான் எங்க படுக்கிறது?" என்று கேட்டார். நான் இரண்டு கட்டில்தான் வரைந்திருந்தேன். சிரித்து மழுப்பிவிட்டேன்.

திட்டத்தைக் கைவிடவில்லை. ஷீட்டில் முதல் தாளாக இப்போது மாதங்கள் வந்துவிட்டன. ஏப்ரல் முதல் ஜூன் வரை வண்டி வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கும். ஏசி வரியை அழித்துவிட்டு ஸ்டெப்னியைச் சேர்த்தேன். மூன்றாவது கட்டிலுக்கும் ஒரு வரி போட்டிருக்கிறேன். அளவு போடும் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.