தடையும் தடயமும்: பொட்டிபுரம் விவாதத்தில் ஓர் அறிவியல் சொல்லாடல்

போடி மேற்கு மலையில், பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்திற்கு நடுவண் அமைச்சரவை 2015-இல் ஒப்புதல் அளித்தது. அது குறித்த தமிழ் விளக்கங்களில், நியூட்ரினோ எதனோடும் வினைபுரியாமல் கடந்து செல்லும் என்னும் கூற்று பயின்றுவருகிறது. அச்சத்தைத் தணிக்க எழுந்த இக்கூற்று, ஆய்வின் அடிப்படையையே மறுப்பதாகிறது.

நிலநடுக்க அலைகள் புவியின் உள்ளமைப்பை உணர்த்துவது, அவை மாற்றமின்றிக் கடப்பதால் அன்று; வளைவதாலும் தடைபடுவதாலுமே ஆகும். வெளிக்கருவம் நீர்ம நிலையில் இருப்பதை, அதனுள் புக இயலாத குறுக்கலைகளே காட்டின. நிழல் மண்டலத்தில் எதிர்பாராது பதிவான நெட்டலைகளைக் கொண்டே இங்கே லேமன் 1936-இல் உட்கருவத்தை உய்த்துணர்ந்தார். நியூட்ரினோ புவியைத் துளைத்து வருகையில், அங்குள்ள எலக்ட்ரான் அடர்த்தி அதன் வகைமாற்றத்தைப் பாதிக்கிறது. காந்தமூட்டிய 50,000 டன் இரும்பாலான உணர்கருவி அளக்கக் கருதியதும் இவ்விளைவையே. ஆகவே, மிக அரிதாகவே வினைபுரியும் என்பதே பொருந்தும் தொடர்.

மேலும், துகளின் தீங்கின்மை, குகை அகழ்வுக்கான பாறைத் தகர்ப்பு, நீர்வளம் பற்றிய ஊராரின் வினாக்களுக்கு விடையாகாது. ஒரு வினாவின் விடையை மற்றொன்றுக்கு அளிப்பது அறிவியல் தமிழுக்கு அழகன்று.