மரப்பு ஊசிக்குப் பிறகு

முடி மாற்று சிகிச்சைக்குப் போகலாமா என்று யோசிப்பவர் முதலில் கேட்பது செலவை, அடுத்து, "வலிக்குமா?" என்பதை. தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் கேட்டாலும் சென்னையில் கேட்டாலும் விளம்பரங்கள் தரும் பதில் ஒன்றுதான்: வலியே தெரியாது. சிகிச்சை நடக்கும் சில மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தப் பதில் பெரும்பாலும் உண்மை. ஆனால் வலி ஏன் தெரிவதில்லை, அதற்காக உடம்புக்குள் என்ன போகிறது, அதை அளந்து செலுத்துபவர் யார் என்ற கேள்விகளை அந்த ஒரு வரி மூடிவிடுகிறது. இந்தச் சிகிச்சையை எடைபோட வலி சரியான படிக்கல் இல்லை என்பதே என் கருத்து.

வலி எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பிடரியிலிருந்து முடிவேர்களை எடுத்து நெற்றியிலும் உச்சியிலும் நடுவதுதான் சிகிச்சை. எஃப்.யு.இ. முறையில் ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ விட்டமுள்ள துளைக்கருவியால் வேர்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். பழைய எஃப்.யு.டி. முறையில் பிடரித் தோலை ஒரு பட்டையாக வெட்டியெடுத்துத் தைத்துவிட்டு, அந்தப் பட்டையிலிருந்து வேர்களைப் பிரிக்கிறார்கள். இரண்டுக்கும் மரப்பு ஊசி உண்டு. வலியின் உச்சமும் அந்த ஊசிதான். தலைத்தோல் எலும்பின் மேல் இறுக்கமாகப் படிந்தது, நரம்பு மிகுந்தது. உள்ளே போகும் லிக்னோகெய்ன் சற்று அமிலத்தன்மை உள்ளது என்பதால் முதல் சில நிமிடங்கள் சுள்ளென்று எரியும். மெல்லிய ஊசியால் நிதானமாகப் போட்டாலோ, புருவத்துக்கு மேலும் பிடரியிலும் நரம்பு செல்லும் இடம் பார்த்து முதலில் மரக்கவைத்தாலோ இந்த எரிச்சல் நன்றாகக் குறையும். வலி என்பது பெரிதும் ஊசி போடும் கையைப் பொறுத்தது. மரத்த பிறகு தெரிவது அழுத்தமும், தோலில் கருவி இறங்கும் நறநறப்பும்தான். அதற்குப் பின் கஷ்டம் கழுத்துக்கும் முதுகுக்கும் இடம் மாறுகிறது. ஆறு முதல் எட்டு மணி நேரம், அதில் பாதி குப்புறப் படுத்தபடி.

அந்த எட்டு மணி நேரத்தில் மரப்பு தெளியத் தெளிய மறுபடி ஊசி போட வேண்டும். கவனிக்க வேண்டிய கணக்கு இங்கேதான் இருக்கிறது. அட்ரினலின் கலந்த லிக்னோகெய்னுக்கு மருத்துவ நூல்கள் வழக்கமாகச் சொல்லும் உச்ச அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மில்லிகிராம். இரண்டு சதவீத மருந்தாக இருந்தால் 21 மில்லிலிட்டர். தலை முழுக்க, பல முறை ஊசி போடும்போது இந்த எல்லை அப்படியொன்றும் தொலைவில் இல்லை. எல்லை தாண்டினால் வாயைச் சுற்றி மரத்துப்போகும், காதில் இரைச்சல் கேட்கும். அடுத்து வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு குலையலாம். முதல் அறிகுறியிலேயே கண்டுகொண்டு பிராணவாயுவும் லிப்பிட் எமல்ஷன் என்ற முறிவு மருந்தும் கொடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆகவே வலி இல்லாமல் படுத்திருப்பவர் பத்திரமாக இருக்கிறார் என்று பொருள் கொள்ள முடியாது. வலியைப் போக்கும் மருந்தைக் கண்காணிக்க ஆள் வேண்டும்.

ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு 2016 மே மாதம் பார்த்தது. சென்னையில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர், உடல்நிலை மோசமாகி இரண்டு நாளில் வேலூரில் இறந்தார். மரப்பு மருந்து கொடுத்தவர் சிகிச்சை முடியும் முன்பே கிளம்பிவிட்டார் என்றும், அந்த இடத்துக்கு இருந்தது அழகு நிலையத்துக்கான உரிமம்தான் என்றும் அப்போது செய்திகள் வந்தன. மருத்துவம் படித்த பிள்ளைக்கே எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது பிடிபடவில்லை என்றால், மற்றவர்கள் விளம்பரத்தை நம்பியதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2019இல் மும்பையில் 43 வயது வியாபாரி ஒருவர் ஒரே அமர்வில் 9,000க்கும் அதிகமான வேர்கள் நட்டுக்கொண்ட பிறகு இறந்தார்; மருந்து ஒவ்வாமை என்று மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். ஒரு நாள் அமர்வில் வழக்கமாக நடுவது இரண்டாயிரம் முதல் மூவாயிரம் வேர்கள்.

எத்தனையோ பேர் செய்துகொண்டு நலமாக இருக்கிறார்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய சாவுகளைக் காட்டிப் பயமுறுத்தலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தேர்ந்த கையில் இது ஆபத்து குறைந்த சிகிச்சை என்பதில் எனக்கு மறுப்பில்லை. பிடரி முடி, வழுக்கையை உண்டாக்கும் ஹார்மோனுக்கு எளிதில் பணியாது. இடம் மாற்றி நட்டாலும் அந்தக் குணம் மாறாது என்பதை நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1950களிலேயே காட்டிவிட்டார். இந்தச் சிகிச்சையின் அறிவியல் வலுவானது. ஆனால் அந்தச் சாவுகளை வெறும் விதி என்று ஒதுக்க முடியவில்லை. தகுதியில்லாத இடம், வரம்பு மீறிய அமர்வு, அவசரத்துக்கு ஆளில்லாமை என்று தவிர்த்திருக்கக்கூடிய காரணங்களே செய்திகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. யூடியூபைப் பார்த்தோ ஒரு பயிலரங்கில் உட்கார்ந்தோ கற்றுக்கொண்டு இதைச் செய்யக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்ல வேண்டி வந்ததே, நிலைமை எவ்வளவு தளர்ந்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

இதெல்லாம் வெறும் அழகு மோகம், வந்தால் பட்டுக்கொள்ளட்டும் என்பவர்களும் உண்டு. பழனியிலும் வீரபாண்டியிலும் மொட்டை போட்டுக்கொண்டு வருபவரை யாரும் கேலி செய்வதில்லை. அந்த முடி மறுபடி முளைக்கும். முளைக்காத தலைக்குத்தான் "சொட்டை" என்ற பட்டம், பெண் பார்க்கும் இடத்தில் தயக்கம், புகைப்படத்தில் ஒதுங்கி நிற்பது எல்லாம். அந்த வேதனையைத் தீர்த்துக்கொள்ள நினைப்பதில் தவறு எதுவும் இல்லை. தவறு, அந்த வேதனையைப் பயன்படுத்தி அவசரப்படுத்துவதில். இருபத்திரண்டு வயதில் வழுக்கை இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். முன்நெற்றியில் நட்டது நிற்கும், அதன் பின்னால் உள்ள சொந்த முடி உதிரும், நடுவில் ஒரு பொட்டல் விழும். பிடரியில் எடுக்கக் கூடிய வேர்களோ வாழ்நாளுக்கும் சில ஆயிரங்கள்தான்.

குணமாகும் காலத்துக்கு வருவோம். முதல் இரண்டு மூன்று நாள் பிடரியில் வெயில்பட்டது போல எரிச்சலும் இறுக்கமும் இருக்கும். பெரும்பாலோருக்குப் பாராசிட்டமாலே போதும். தையல் போட்டவர்களுக்கு இறுக்கம் கூடுதல். மூன்றாம் நாள் வாக்கில் நெற்றியில் வீக்கம் இறங்கிக் கண் இமை வரை வரலாம். பொருக்குகள் உதிர ஏழு முதல் பத்து நாள்; அதுவரை அரிப்பைப் பொறுத்துக்கொண்டு சொறியாமல் இருப்பதுதான் பெரும்பாடு. சில வாரங்களில் நட்ட முடி கொட்டும். வேர் உள்ளே இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் மறுபடி முளைக்கும் என்று முன்பே சொல்லாவிட்டால், வலியை விடப் பெரிய அதிர்ச்சி அதுதான். பிடரி மரப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

இந்தப் பத்து நாள் எல்லோருக்கும் ஒன்றல்ல. குளிரூட்டிய அறையில் கணினி முன் உட்காருபவர் நான்காம் நாள் வேலைக்குப் போய்விடுவார். கம்பம் பள்ளத்தாக்கில் வாழைத்தார் சுமப்பவரின் சும்மாடு உட்காரும் இடமும் வேர் நட்ட இடமும் ஒன்றுதான். திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிந்து மருந்தடிப்பவருக்கும், விடியற்காலை ஜீப்பில் நெருக்கியடித்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவருக்கும் வேர்வை, தூசி, வெயில், உரசல் எதையும் தவிர்க்க வழியில்லை. "மூன்று நாளில் வேலைக்குப் போகலாம்" என்ற வாசகம் இவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. இவர்களுக்கு வலியின் கணக்கு, கூலி போன நாட்களின் கணக்கு.

போதாததற்குத் தூரம். சென்னையில் செய்துகொண்டு இரவு வண்டியில் தேனிக்குத் திரும்பினால், சிகிச்சை செய்தவருக்கும் நோயாளிக்கும் இடையே சுமார் ஐந்நூறு கிலோமீட்டர். மதுரை என்றாலும் எழுபதுக்கு மேல். குறைந்துகொண்டே வரும் வலி இயல்பானது. மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல், சீழ், பிடரித் தோல் கறுத்துப்போவது ஆகியவை தொற்றுக்கோ திசு அழிவுக்கோ அடையாளம். "வலியே தெரியாது" என்று கேட்டுப் பழகியவர், தனக்கு மட்டும்தான் வலிக்கிறது போல என்று வாய் திறக்காமல் இருந்துவிடுவார். அந்த விளம்பர வரி செய்யும் உண்மையான தீங்கு அதுதான்.

போக முடிவு செய்தவர்கள், பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள். என் எடைக்கு எத்தனை மில்லிகிராம் வரை கொடுப்பீர்கள்? மருந்து கொடுப்பவர் கடைசி வேர் நடும் வரை இருப்பாரா? நடு இரவில் யாரை அழைப்பது? தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 1997இன் கீழ் பெற்ற பதிவுச் சான்றிதழ் எங்கே மாட்டியிருக்கிறது? ஊர் திரும்பிய பிறகு வலி கூடினால், செய்த இடத்தின் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காதீர்கள், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே போய், என்ன செய்துகொண்டீர்கள் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.