ஆசான் சுவைத்த நூல்

சீறாப்புராணம் மூன்று காண்டங்களில் 5027 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியம். நம் பிள்ளைகள் அதனை அறிவதோ பாடநூலில் இடம்பெறும் சில செய்யுட்களால் மட்டுமே. அவற்றிற்கும் பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு, மதிப்பெண்; அத்துடன் நூல் மூடப்படுகிறது. குறை பாடத்திட்டத்தில் மட்டுமன்று. தாம் சுவைத்ததை வாய்திறந்து சொல்லாத ஆசிரியரிடமும் உண்டு என்போம்.

நாட்டுப் படலத்தையே எடுத்துக்கொள்வோம். அரபு நாட்டில் மழை பொழிகிறது, வெள்ளம் பெருகுகிறது, வயலில் நடவு நடக்கிறது. “பாலை நிலத்தில் நெல்வயல் ஏது, ஐயா?” என மாணவன் வினவுவான். இலக்கணக் குறிப்பில் அதற்கு விடை இராது. “நபிகள் நாயகம் (ஸல்) பிறந்த மண்ணை உமறுப் புலவர் தம் மனத்திற்கினிய தமிழ் மருதமாகவே கண்டார், அந்த அன்புக்காகவே இப்படலத்தை நாம் மீண்டும் மீண்டும் ஓதுகிறோம்” என்னும் ஆசானிடமே அவ்விடை உண்டு.

எட்டயபுரம் அரசவைப் புலவரான கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றவர் உமறு. சமய வேறுபாடு அங்கே தடையாகவில்லை. வெறும் விதிகளை மட்டும் கற்பித்தா அவ்வாசான் இத்தகைய கவிஞரை ஆக்கியிருப்பார்?

ஆசிரியப் பெருமக்களே, பாடம் முடிந்தபின் ஐந்து நிமிடம் தாங்கள் விரும்பும் படலத்தை ஓதிக் காட்டுங்கள். நூற்பற்று அறிவுரையால் வருவதன்று. பற்றுடையாரைக் கண்டு வருவது.