கைப்பிடியைப் பாருங்கள்

செஞ்சிக் கோட்டைக்குப் போய் தேசிங்கு ராஜாவைப் பற்றிப் பேசாமல் திரும்பியவர் யாராவது உண்டா? 1714-ல் ஆற்காட்டு நவாபை எதிர்த்துச் சொற்பப் படையோடு போய் உயிரை விட்டவர். கதைப்பாட்டு, தெருக்கூத்து, 1960-ல் எம்.ஜி.ஆர். படம் என்று இன்றுவரை கொண்டாடுகிறோம். குதிரை பெயர் கேளுங்கள், ‘பாராசாரி’ என்போம். நண்பன் பெயர் கேளுங்கள், ‘மோவுத்துக்காரன்’ என்போம். அந்தக் காலத்து வீரர்கள் இடுப்பில் என்ன செருகியிருந்தார்கள் என்று கேட்டால் மட்டும், ‘ஏதோ கத்தி சார்!’

அந்த ‘ஏதோ கத்தி’ பற்றித்தான் என் புகார்.

ஓர் அருங்காட்சியகத்தில் (பெயர் வேண்டாம்) கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கட்டாரி பார்த்தேன். பக்கத்து அட்டையில் இரண்டே சொல்: ‘கத்தி. இரும்பு.’ நான் பி.காம். படித்தவன். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். சரக்கு இருப்புப் பதிவேடு.

சாதாரணக் கத்தியில் பிடியும் அலகும் ஒரே கோட்டில் இருக்கும். கட்டாரி அப்படியல்ல. அதன் பிடி, இரண்டே படி வைத்த குட்டி ஏணி. அந்தக் குறுக்குப் படிகளை முஷ்டியால் இறுக்கிப் பிடித்தால், அலகு விரல் முட்டிகளுக்கு முன்னால் நீளும். பக்கக் கம்பிகள் மணிக்கட்டின் இருபுறமும் காவல். குத்துச்சண்டைக்காரர் மாதிரிக் குத்தினால் தோள் பலம் மொத்தமும் நேரே முனைக்குப் போய்விடும். பல கட்டாரிகளில் முனை மட்டும் தடித்திருக்கும். எதிரியின் இரும்பு வளையக் கவசத்தைத் துளைக்கும்போது அது வளைந்துவிடக் கூடாதல்லவா?

தஞ்சாவூர்க் கட்டாரிகளில் புறங்கையை மூட ஒரு தகடும் உண்டு. அதில் யாளி வேலைப்பாடு வேறு. பலவற்றின் அலகு, ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த வாளுடையது. நம்மூர்க் கொல்லர் அதைத் தன் பிடியில் ஆணி அடித்துப் பொருத்திவிட்டார். அலகு சீமைச் சரக்கு, பிடி உள்ளூர் மூளை. ‘கத்தி. இரும்பு’ என்று எழுதினால் கப்பலும் காணோம், கொல்லரும் காணோம்.

சினிமாவும் லேசுப்பட்டதல்ல. எந்த நூற்றாண்டு ராஜாவாக இருந்தாலும் பெரும்பாலும் ஒரே மாதிரி வாள்தான் சுழற்றுகிறார். கட்டாரி சுழற்றுகிற சமாசாரமில்லை. மூச்சுக்காற்று படும் தூரத்தில் நெருங்கிக் குத்த வேண்டும். அது ஹீரோவுக்கு அழகில்லை போலிருக்கிறது.

போனால் போகிறது என்று விட முடியவில்லை. 1855-ல் தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் ஆண் வாரிசின்றி இறந்தார். அதன்பின் அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. கொஞ்சம் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. தஞ்சைக் கட்டாரிகள் கடல் தாண்டி நியூயார்க் மெட்ரோபாலிடன் வரைகூடப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஏராளமானவை உடைபட்டுப் பழைய இரும்பாகப் போயின. உடைத்தவனுக்கும் அது ‘கத்தி, இரும்பு’தான். பாதுகாக்கிறவரும் அதையே எழுதினால் இருவருக்கும் என்ன வித்தியாசம்?

2025-ல் செஞ்சி, யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சந்தோஷம். கோட்டைச் சுவரைக் காட்டுகிறோம். அதைக் காத்த கை எதைப் பிடித்திருந்தது, எப்படிப் பிடித்திருந்தது என்றும் நாலு வரி தமிழில் எழுதி வைத்தால் குறைந்தா போய்விடும்?

அதுவரை ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த முறை கட்டாரியைப் பார்த்தால் அலகை விட்டுவிட்டுப் பிடியைப் பாருங்கள். அதற்கு எதிரே நின்று முஷ்டியை மடக்கிப் பாருங்கள். எல்லாம் புரிந்துவிடும்.

காவலாளி ஒரு மாதிரிப் பார்ப்பார். பரவாயில்லை.