களி தின்றவளுக்கு எந்த லேன்?

தருமபுரியில் மாலை நேர மைதானம். போலீஸ் தேர்வுக்காக 1,500 மீட்டர் ஓடிப் பழகும் பையன்களில் ஒருவன் கேட்டான்: "சார், எப்படியும் போடுறவன் போடத்தான் போறான். ஊக்கமருந்தைச் சட்டப்படியே விட்டுட்டா எல்லாரும் சமம்தானே?"

ஊக்கமருந்தை அனுமதித்து லாஸ் வேகாஸுக்குத் திட்டமிட்ட 'என்ஹான்ஸ்டு கேம்ஸ்' போட்டிக் கும்பலின் வாதமும் இதுதான். டாக்டர் பார்த்துக்கொள்வாராம். யாருடைய டாக்டர்? பென்னாகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, களி தின்ற தெம்பில் ஓடும் பெண்ணுக்கு ஸ்பைக்ஸ் வாங்கவே வீட்டில் யோசிப்பார்கள். ஈரல், ஹார்மோன், ரத்தம் என்று மாதாமாதம் டெஸ்ட் எடுக்க யார் பணம் கட்டுவது? மருந்தை அனுமதித்த மறுநாளே அது 'விருப்பம்' என்பது போய், ஓடுவதற்கான கட்டணமாகிவிடும்.

திருச்சி முடிகண்டம் கோமதி மாரிமுத்துவை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஏப்ரல், தோஹா, ஆசிய தடகளம், 800 மீட்டர். கடைசி நேர்ப்பாதையில் சீனாவின் வாங் சுன்யுவைத் தாண்டி 2 நிமிடம் 02.70 விநாடியில் தங்கம். கால் ஒன்றுக்கு ஒரு நிறமாக அவர் போட்டிருந்த ஷூவைக்கூட நாம் கொண்டாடினோம். ஆனால் அதற்கு முன்பே, மார்ச்சில், பாட்டியாலாவில் எடுத்த மாதிரியில் நான்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து இருந்தது. முடிவு வந்ததோ தோஹாவுக்குப் பிறகு! தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார் கோமதி, எடுபடவில்லை. பதக்கம் பறிபோய் நான்கு ஆண்டு தடை. உடம்பில் இருந்தால் ஓடியவர்தான் பொறுப்பு என்பது விதி. விதி சரிதான். ஆனால் அந்த முடிவு நேரத்துக்கு வருகிறதா என்று பார்க்க நாம் யாரை வைத்திருந்தோம்?

நான்ட்ரோலோன் இன்று ஓடிய களைப்பை நாளைக்குள் ஆற்றி, மறுபடி கடுமையாகப் பயிற்சி எடுக்க விடுகிறது. பெண்ணுக்குக் குரல் தடித்துப்போனால் பழையபடி திரும்பாமலும் போகலாம். எல்லாருக்கும் அனுமதி என்றால் சமம் வராது, டோஸ்தான் ஏறும்.

போடுகிறவர்கள் இருக்கிறார்கள்தான். 2023இல் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213இல் தடைசெய்த பொருள் இருந்தது. ஆனால் சோதனை என்றால் பயமும் இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்குத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான 'நாடா'வின் அதிகாரிகள் வந்தார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஓடியவர் ஒரே ஒருவர். ஜூனியர் ஸ்டீபிள்சேஸில் ஒரு பெண் எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாள், பின்னாலேயே அதிகாரி.

பையனிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அந்த ஒருத்தருக்கு டைமிங் என்ன சார்?" என்றான்.