எழுத்தில் பேச்சுவழக்கு: தேசிங்கு கதை முதல் நடுநாட்டு நாவல் வரை

பேச்சுத்தொடரை எழுத்தில் கொண்டுவரும் வழக்கம் தமிழில் புதிதல்ல. அதன் வலுவையும் குறையையும் செஞ்சியின் தேசிங்குராஜன் கதையிலேயே பார்த்துவிடலாம். கோட்டையை ஆண்ட தேஜ் சிங், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி 1714இல் மாண்டான். மக்கள் வாயில் அவன் தேசிங்கு ஆனான். அவன் கதை பாட்டாகி, பின்னர் பெரிய எழுத்துப் பதிப்புகளாகச் சந்தைக்கு வந்தது. விளியும் அடுக்கும் பேச்சுவினைகளும் நிறைந்த அந்நடை கேட்பவரைக் கதைக்குள்ளேயே நிறுத்தி வைக்கும். அச்சில் அதே அடுக்கு சலிப்பூட்டுகிறது. பாடகரின் குரல் செய்த வேலையைத் தாள் செய்யாததே காரணம். நடையின் மேல் பழிபோடுவது நியாயமன்று.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு வேறு வகை. 1736இல் தொடங்கிய அந்தப் புதுச்சேரிப் பதிவு, பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்த 1750ஐயும் கடந்து செல்கிறது. பண்டித நடையில் எழுதியிருந்தால் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே காலத்து வணிகரும் அதிகாரிகளும் பேசிய பாங்கு இன்று கிடைத்திருக்காது. ஆனால் வாக்கியங்கள் முடிவில்லாமல் நீள்கின்றன. அன்று நாவில் புழங்கிய பல சொற்களுக்கு இன்று விளக்கம் தேவைப்படுகிறது. பேச்சுவழக்கு, பொதுநடையைக் காட்டிலும் விரைவில் பழசாகிறது.

எழுத்துக்கூட்டல் மற்றொரு சிக்கல். ‘வந்துவிட்டது’ என்பதை வடமாவட்டத்தார் ‘வந்துடுச்சு’ என்பர், மதுரையார் ‘வந்துருச்சு’ என்பர். ‘அவன்’ என்று சொல்லும்போது ஈற்றில் எஞ்சும் மூக்கொலிக்குத் தமிழில் தனியெழுத்து இல்லை. எனவே எழுத்தாளர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு முறையை வகுக்க நேர்கிறது. எந்த முறை என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஒரே பக்கத்தில் அது மாறினால்தான் வாசகர் தடுமாறுவார்.

உரையாடலைப் பேச்சுமொழியிலும் கதைசொல்லலை எழுத்துமொழியிலும் அமைப்பது நவீனப் புனைகதையில் பரவலான ஏற்பாடு. வசதியானதுதான், ஆனால் இதிலொரு வஞ்சகம் ஒளிந்திருக்கலாம். வேலைக்காரரும் சிற்றூராரும் மட்டும் கொச்சையாகப் பேச, நாயகன் தூய தமிழில் உரையாடினால், வழக்கு ஏளனத்துக்கான கருவியாகிவிடும். பழைய தொடர்கதைகளிலும் திரைப்படங்களிலும் இது சாதாரணம். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவல் இதற்கு நேர்மாறு: வண்ணாரப் பெண் ஆரோக்கியமே அதன் மையம் என்பதால், அவள் பேச்சு வேடிக்கைக்குரியதாக ஒலிப்பதில்லை. அவளுடைய கெஞ்சலும் கோபமும் அந்தப் பேச்சிலேயே நிற்கின்றன.

கி. ராஜநாராயணன் கதைசொல்லியின் குரலையே கரிசல் வட்டார வழக்குக்கு மாற்றினார். கதைசொல்லியும் மாந்தரும் ஒரே ஊர்க்காரர் ஆனதில் அந்த மேல்கீழ் மறைந்தது. பிற வட்டாரத்தாருக்கு வாசிப்பு கடினமானது உண்மையே. கரிசலுக்கு அவரும், விருத்தாசலத்தைச் சூழ்ந்த நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரனும் வழக்குச் சொல்லகராதிகளைத் தொகுத்தார்கள். புனைகதையின் பக்கத்தில் நிறுத்தி விளக்க முடியாததை அகராதியில் விளக்கலாம். அகராதியில் பிடிபடாத தொனியோ கதைக்குள் மட்டுமே கேட்கிறது.