பெரட்டுத் தப்பிலிருந்து ராப் வரை

இலங்கையின் மலையகப் பாட்டு என்றதும் தாலாட்டையும் ஒப்பாரியையும் மட்டும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அழுகை நம் பாட்டில் உண்டுதான். ஆனால் ஏச்சும் அதே அளவுக்கு உண்டு. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிறவரையும், ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு எடுக்கும் கங்காணியையும் மலையில் நின்றே கேலி செய்து பாடிய பெண்களின் பாட்டுகள் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையின் தொகுப்பால் நமக்கு மிஞ்சின. எழுதியவர் பெயர் இல்லாத பாட்டுகள் அவை. கொழுந்து நிரைக்குள் பிறந்தன, துரை பங்களாவுக்குப் போய்ச் சேரவில்லை.

பங்களா வரை கேட்கும்படி பாடும் வழியைத் தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மாளும் திறந்தார்கள். புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்த நடேசய்யர், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் கண்டார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டுக்குப் பலியானார். மீனாட்சி அம்மாளின் பாட்டுப் புத்தகம் வந்ததும் அந்த ஆண்டில்தான். சனங்களுக்குப் பழக்கமான மெட்டு, புதிய சொல், கூட்டத்தில் முதலில் பாட்டு, பிறகு பேச்சு. நம் எதிர்ப்புப் பாட்டின் முதல் 'அல்பம்' என்று நான் மதிப்பது அந்த மெல்லிய புத்தகத்தைத்தான்.

மெக்சிக்கோவின் மொலோட்டோவ் குழுவும் இந்த இடத்தில் நினைவுக்கு வர வேண்டும். ராப்பையும் ரொக்கையும் கலந்து ஸ்பானிய மொழியில் 1997இல் அவர்கள் போட்ட முதல் அல்பத்தைக் கடைகள் ஏற்க மறுத்தபோது, தெருவில் நின்று தாங்களே விற்றார்கள். அதிகாரத்தில் இருந்தவர்களை ஏசிய பாட்டுகளுக்கு இன்றும் உயிர் இருக்கிறது. அதே அல்பத்தில் ஒருபாலீர்ப்பினரை இழிக்கும் சொல்லைப் பல்லவியாக்கிய பாட்டும் இருக்கிறது. அதற்கான கண்டனம் இன்னும் ஓயவில்லை. கெட்ட வார்த்தை வரலாமா என்பதல்ல என் கேள்வி. அது யார்மேல் போய் விழுகிறது? மேலே இருப்பவர்மேல் விழுந்தால் பாட்டு நிற்கும். நம் மலையக இளைஞர்களின் ராப் பாட்டையும் இப்படியே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

தமிழில் மொலோட்டோவின் அந்த அல்பத்துக்கு மிக அருகில் வருவது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் 'மகிழ்ச்சி'. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் 2017இல் சென்னையில் தொடங்கிய குழு இது. கானாவும் ராப்பும் ரொக்கும் ஒரே மேடையில் ஏறின; இடஒதுக்கீடும் மாட்டிறைச்சியும் பாட்டாயின. அந்தக் குழுவில் பாடிய ராப் பாடகர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள், நம் தேயிலை மலைகளில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பியவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. அப்படிப் பிரிந்து போனவர்களின் பாட்டு 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி'யாக உலகம் சுற்றியது. ஆக, ராப் நமக்கு அந்நியச் சரக்கு என்று சொல்பவர்களின் பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

தாளத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. காமன் கூத்துக்கு முன் தப்புப் பறையைத் தீயில் காய்ச்சுகிறவர் சும்மா இருப்பதில்லை. விரலால் சுண்டிப் பார்ப்பார், தோல் இன்னும் இறுகவில்லை என்றால் மறுபடி நெருப்பில் காட்டுவார். ஒரு கையில் தடித்த குச்சி, மறு கையில் மெல்லிய மூங்கில் சிம்பு. பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, ஆளைக் கூப்பிட்டதும் சாவுக்கு முன்னால் நடந்ததும் இந்தத் தப்புத்தான். அதை அடித்தவர்களைச் சாதி சொல்லி ஒதுக்கியதும் நம் லயங்கள்தான். புதிய பாட்டுகள் சிலவற்றில் தொடக்கத்தில் நாலு அடி தப்பு கேட்கிறது. பிறகு கணினித் தாளம் வந்து அதை மூடிவிடுகிறது. வீட்டுக்கான ஏழு பேர்ச் காணியைப் பற்றியும் அரைப்பேரைப் பற்றியும் பாடும் பாட்டுக்குக் கடைசி வரி வரை தப்பே அடிக்கட்டும். அடிப்பவரின் பெயரும் பாடுகிறவரின் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சாகட்டும்.